முளைப்பாரியும் மிளகாய் நாற்றும்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் தலையில் இப்போது பதினாலு தயிர் டப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அடியில் ஓட்டை, உள்ளே தேங்காய் நார்த்தூள், மேலே பழைய கொசுவலைத் துணி. செம்பூரில் மூன்றாவது மாடி. வெளியே ஆடி மாதத்து மழை கொட்டிக் கொண்டிருக்கிறது. உள்ளே மிளகாய் விதை முளைக்குமா முளைக்காதா என்று நான் தினமும் காலையில் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்துக் கொண்டிருக்கிறேன். "ஆபீஸ் மீட்டிங்குக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் எழுந்திரிச்சதில்லை" என்பது வீட்டம்மாவின் கருத்து. நியாயமான கருத்துதான்.

இந்தப் பைத்தியம் பிடித்தது 2005இல். மும்பைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பரமக்குடிப் பக்கத்திலிருந்து அம்மா கொடுத்து அனுப்பிய முண்டு வத்தல் ஒரு பொட்டலம் இருந்தது. குண்டு குண்டாக, ஆட்டினால் உள்ளே விதை குலுங்கும். அதை உடைத்து விதையெடுத்து, ஜன்னல் கிரில்லில் இரண்டு பெயின்ட் டப்பாவில் மண் போட்டுத் தூவினேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் அல்லவா, சரியாக ஆடி பிறந்ததும் தூவினேன். ஆடி பத்தாம் தேதி வாக்கில் வந்தது ஜூலை 26. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை. ஊரே மிதந்த நாளில், நூற்றுக்கணக்கானோர் செத்துப்போன நாளில், இரண்டு டப்பா விதை போனதைப் பற்றிப் புலம்புவது அபத்தம். அன்று ராத்திரி ஆபீஸிலேயே மேஜை மேல் படுத்தேன். மறுநாள் நடந்து வீடு வந்து சேர்ந்தபோது டப்பாவில் மண்கூட இல்லை.

ஒரு வாரம் கழித்து போன் லைன் கிடைத்தது. அம்மாவிடம் சொன்னேன். "ஆடியில போடணும்னு உனக்கு யாருப்பா சொன்னா? நம்ம பக்கம் மிளகாய்க்கு புரட்டாசிதான" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. ஆடிப்பட்டம் எல்லா ஊருக்கும் எல்லாப் பயிருக்கும் ஆனது இல்லை. எங்கள் ராமநாதபுரத்துக் காடுகள் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பி புரட்டாசியில் நேரடியாக விதைப்பார்கள். நாற்றங்கால் வேலையெல்லாம் கிணற்றுத் தண்ணீர் உள்ள தோட்டக்காரர்களுக்கு. நானோ, பழமொழியை மட்டும் பெட்டியில் போட்டுக்கொண்டு தென்மேற்குப் பருவமழையின் வாசலில் வந்து உட்கார்ந்து விதைத்திருக்கிறேன். ஜூலை மாதம் மட்டும் இங்கே சராசரியாக 800 மி.மீ.க்கு மேல் பெய்யும். எங்கள் ஊரில் வருடம் முழுக்கப் பெய்தாலும் அந்த அளவு வந்தால் பெரிய விஷயம்.

அதற்குப் பிறகு புத்தகம் தேட ஆரம்பித்தேன். ஃபோர்ட் பக்கம் நடைபாதைக் கடைகளில் தோட்டப் புத்தகங்கள் கிடைக்கும், எல்லாம் இங்கிலாந்து, அமெரிக்கப் பதிப்புகள். கடைசி உறைபனிக்கு எட்டு வாரம் முன்னால் வீட்டுக்குள் விதை போடு, கதகதப்பான இடத்தில் வை என்று அவை சொல்லும். மும்பையில் உறைபனிக்கு நான் எங்கே போவது? சாந்தாகுரூஸில் பதிவான ஆகக் குறைந்த குளிரே 7.4 டிகிரிதான், அதுவும் 1962 ஜனவரியில். ஆனால் அந்தப் புத்தகங்கள் சொல்லும் காரியம் மட்டும் சரி. அவர்கள் குளிருக்குப் பயந்து விதையை வீட்டுக்குள் கொண்டு போகிறார்கள், நாம் மழைக்குப் பயந்து கொண்டு போக வேண்டும். ஆகஸ்ட் பாதியில் உள்ளே விதைத்து, ஒரு மாதம், ஒன்றரை மாதம் கூரைக்குக் கீழே வளர்த்து, மழை ஓயும் அக்டோபர் தொடக்கத்தில் வெளியே நட்டால் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் மும்பையின் அருமையான ஐந்து மாத வெயிலை முழுசாக அனுபவிக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்த நடவுத் தேதி கிட்டத்தட்ட எங்கள் ஊர்ப் புரட்டாசியில் வந்து விழுகிறது. அங்கே மழை வரப்போகிறது என்பதால், இங்கே மழை போய்விட்டது என்பதால்.

செடியை மறைவில் வளர்ப்பது ரொம்பப் பழைய வித்தை. ரோமாபுரிச் சக்கரவர்த்தி டைபீரியஸுக்கு வெள்ளரிக்காய் இல்லாமல் ஒரு நாள் போகாது என்று பிளினி எழுதி வைத்திருக்கிறார். தோட்டக்காரர்கள் வெள்ளரியைச் சக்கரம் வைத்த பாத்திகளில் வளர்த்து, வெயிலுக்கு வெளியே தள்ளி, குளிர் நாளில் ஒளி ஊடுருவும் கல் தகட்டுக்குக் கீழே இழுத்து வைப்பார்களாம். கண்ணாடி வீட்டின் கொள்ளுப்பாட்டன்.

அது ராஜா வீட்டுச் சமாசாரம். சாதாரண ஜனங்கள் வீட்டுக்குள் விதை போட்டார்களா என்ற கேள்விக்குப் பதில் எனக்கு 2006இல் கிடைத்தது, என் தோல்வி ஒன்றின் வழியாகவே. அந்த வருடம் புத்திசாலித்தனமாக டப்பாக்களைச் சமையலறைப் பரண் மேல் வைத்தேன். மழை இல்லை, புறா இல்லை, எலி மட்டும் கொஞ்சம். எட்டாம் நாள் முளைத்தது. பதினைந்தாம் நாள் பார்த்தால் ஒவ்வொன்றும் விரல் நீளம், வெளிறிய மஞ்சள், நூல் மாதிரி தண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அப்போது அம்மா வந்திருந்தார். பரணை அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, மிளகாய்க்குப் போய் முளைப்பாரி போட்டு வச்சிருக்க?" என்றார்.

மதுரை, ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆட்களுக்கு முளைப்பாரியை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் காப்புக் கட்டி, மண்பாண்டத்திலோ பெட்டியிலோ வைக்கோலும் பொடித்த எருவும் போட்டு நவதானியத்தில் கிடைப்பதை ஊறவைத்துத் தூவுவார்கள். பாத்திரம் இருப்பது ஜன்னலோ வெளிச்சமோ இல்லாத ஒரு தனி அறையில். பெண்கள் மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பார்கள், ராத்திரி சுற்றி நின்று கும்மி. வெளிச்சம் படாததால் பயிர் பச்சையம் பிடிக்காமல், வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென்று மஞ்சளாக வளரும். தாவரவியலில் இதற்கு ஒரு பெரிய பெயர் உண்டு. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் "அம்மன் நல்லா வந்திருக்கா". ஊர்வலமாகத் தலையில் தூக்கிப்போய்க் கடைசியில் குளத்தில், கண்மாயில் கரைத்து விடுவார்கள். யார் வீட்டு முளைப்பாரி செழித்தது, யாருடையது சோடை என்று ஊர் முழுக்கப் பேச்சாக இருக்கும். விதைப்புக்கு முன் யார் வீட்டு விதை வீரியமானது என்று ஊரே கூடிப் பார்த்த முளைப்புத் திறன் சோதனைதான் அது என்று சொல்பவர்கள் உண்டு. எல்லா ஊரிலும் பண்டிகைத் தேதி விதைப்புக்கு முன்னால் வருவதில்லை என்பதால் எனக்கு அதில் அரை நம்பிக்கைதான். ஆனால் வீட்டு விதையை வீட்டுக்குள்ளேயே முளைக்கப் போட்டுப் பார்க்கும் கை அந்தப் பெண்களிடம் இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

மாட்டுங்காவில் கல்யாணத்துக்குப் போனவர்கள் இதன் இன்னொரு உருவத்தைப் பார்த்திருப்பார்கள். பாலிகை. சின்னக் கிண்ணங்களில் மண், ஊறவைத்த தானியம், சுமங்கலிகள் பாலும் நீரும் தெளிப்பது. பழசு என்றால் எவ்வளவு பழசு? சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் கல்யாணத்திலேயே முளைப்பாலிகை ஏந்திய பெண்கள் வந்து விடுகிறார்கள். மராத்தியர் வீடுகளில் நவராத்திரி முதல் நாள் கட ஸ்தாபனை. கலசத்தைச் சுற்றி மண் பரப்பித் தானியம் தூவி, ஒன்பது நாளும் வீட்டுக்குள்ளேயே முளைக்க விடுவார்கள். தசராவுக்கு அந்த முளையைப் பெண்கள் தலையில் செருகிக் கொள்வார்கள். பக்கத்து ஃபிளாட் ஆஜி எனக்கு முதல் வருடம் கொடுத்தபோது, நம் ஊர் முளைப்பாரிக்கு மராத்தி அத்தை மகள் இருக்கிறாளே என்று தோன்றியது. இன்னும் தூரத்தில், பழைய ஏதென்ஸ் நகரத்துப் பெண்கள் அடோனிஸ் திருவிழாவுக்கு உடைந்த சட்டிகளில் லெட்டூஸும் சோம்பும் விதைத்து மொட்டை மாடிக்கு ஏற்றி வைப்பார்களாம். அவையும் சில நாளில் வாடித் தண்ணீரில் போய்ச் சேரும். சோம்பேறிக் காரியத்துக்கு உதாரணமாக பிளேட்டோ இந்த அடோனிஸ் தோட்டங்களைத்தான் சொல்கிறார்: புத்தியுள்ள விவசாயி நல்ல விதையை எட்டு நாள் தோட்டத்தில் வீணாக்க மாட்டான் என்று. பிளேட்டோ முளைப்பாரி அறைக்குள் போனதில்லை. (விட்டிருக்கவும் மாட்டார்கள்.)

ஆக வீட்டுக்குள் விதை போடத் தெரியாத சமூகம் எதுவும் இல்லை. சாமிக்குப் போட்டதெல்லாம் குளத்துக்குப் போனது. சாப்பாட்டுக்கு வெளியே நிலம் இருந்தது. நிலம் இல்லாமல் போன ஊரில்தான் இரண்டும் ஒன்றாகச் சேர வேண்டி வந்தது. மும்பையின் கதை அங்கே ஆரம்பிக்கிறது.

இந்த ஊர் பிறவியிலேயே சிமென்ட் காடு இல்லை. வாடி என்றால் மராத்தியில் தோப்பு, தோட்டம். கிர்காவ் பக்கத்தில் ஃபணஸ்வாடி என்றால் பலாத்தோப்பு, கேளேவாடி என்றால் வாழைத்தோப்பு. பிண்டி பஜாரில் வெண்டைக்காய் விற்றார்கள் என்று நான் வெகு நாள் நம்பிக் கொண்டிருந்தேன். அது பூவரச மரத்தின் மராத்திப் பெயரிலிருந்து வந்தது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லித் திருத்தினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் இந்தத் தீவைப் போர்த்துகீசியரிடம் குத்தகைக்கு எடுத்திருந்தவர் கார்சியா த ஓர்த்தா என்ற வைத்தியர். 1563இல் கோவாவில் அச்சான அவருடைய மூலிகைப் புத்தகத்தில், வருடத்துக்கு இருமுறை காய்க்கும் தன் பம்பாய் மாமரத்தைப் பற்றிப் பெருமையடித்துக் கொள்கிறார். மிளகாயும் அந்தப் போர்த்துகீசியர் காலத்தில்தான் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி நம் மேற்குக் கரைக்கு வந்தது. எனவே என் முண்டு மிளகாயின் பாட்டன் பாட்டி இந்தக் கடல் வழியாக வந்தவர்கள்தான். நான் அதை மறுபடி கடற்கரைக்குக் கொண்டு வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் வந்ததும் அவனுக்கு அவன் ஊர்க் காய் வேண்டும். 1830இல் பம்பாயில் மேற்கிந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியது. சிவ்ரியில் அதற்கு ஒரு தோட்டம் இருந்தது. 1860களில் அந்த இடம் கல்லறைத் தோட்டமாகிவிட்டது, இன்றும் அப்படித்தான். பைகுலாவில் 1862இல் திறந்த விக்டோரியா கார்டன்ஸ்தான் இப்போதைய ராணி பாக். காலிஃப்ளவர் விதை 1822இல் லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து வடக்கே சகாரன்பூருக்கு வந்தது. இதில் ஒரு சிக்கல். ஐரோப்பிய முட்டைக்கோசும் காலிஃப்ளவரும் நல்ல குளிர்காலம் ஒன்றைக் கடந்தால்தான் பூத்து விதை கட்டும். நம் சமவெளியில் காய் வரும், விதை வராது. ஆகவே வருடா வருடம் விதை வெளியிலிருந்து வந்தாக வேண்டும். விதை என்பது வீட்டுப் பானையில் சேமித்து வைக்கும் பொருளாக இல்லாமல், காசு கொடுத்து வாங்கும் பாக்கெட்டாக மாறியதில் இந்தக் கோஸுக்கு ஒரு முக்கியப் பங்கு உண்டு என்பது என் எண்ணம். பூனாவில் 1884இல் பெஸ்தோன்ஜி போச்சா என்ற பார்சி குடும்பத்தின் விதைக்கடை தொடங்கியது. போச்சா விதைப் பாக்கெட் இந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குப் பல தலைமுறையாகப் பழகின சமாசாரம்.

சரி, மாட்டுங்காவுக்கு வருகிறேன். 1896இல் பம்பாயில் பிளேக். நெருக்கடியில் புழுங்கிய ஊரை விரிக்க 1898இல் சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைத்தார்கள். வயலும் தோப்புமாக இருந்த தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளை மனை போட்டார்கள். 1920, 30களில் டைப்பும் ஷார்ட்ஹேண்டும் படித்து ரயிலேறி வந்த நம்மவர்கள் அங்கே குடியேறினார்கள். வயலை மேடாக்கிக் கட்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கறிவேப்பிலைக்கும் வாழையிலைக்கும் கடை தேடிய முதல் தலைமுறை. மாட்டுங்கா மார்க்கெட் அப்படி வளர்ந்ததுதான். சுண்டைக்காய், வாழைத்தண்டு, வாழைப்பூ என்று இன்றைக்கும் கிடைக்கிறது. காசிருந்தால் ஊர்க் காய் கிடைத்தது. ஆனால் செடி போடும் கை ஒரே தலைமுறையில் மறந்து போனது. எனக்குத் தெரிந்த மாட்டுங்கா மாமி ஒருவர் பாலிகை தெளிப்பதில் நிபுணர், ஆனால் கத்தரி விதையைக் காட்டினால் எது மேல் எது கீழ் என்று கேட்பார். (கத்தரி விதையில் அப்படி ஒன்றும் கிடையாது.)

தாராவிக்குப் போனவர்கள் வேறு ஜனங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் தோல் ஷாப்புகளில் வேலைக்கு வந்தவர்கள். பலரும் சொந்த நிலம் இல்லாத விவசாயக் கூலிகள். செடியை வளர்க்கத் தெரியும், நிலம்தான் இரண்டு ஊரிலும் இல்லை.

போர்க்காலத்தில் அரசாங்கமே இவர்களையெல்லாம் விதை போடச் சொன்னது. 1943 மே மாதம் பம்பாயில் ரேஷன் வந்தது, அது வங்காளப் பஞ்ச வருடம். அதையொட்டி "அதிக உணவு பயிரிடு" இயக்கம். சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. 1965இல் பிரதமர் சாஸ்திரி தன் வீட்டுப் புல்வெளியையே உழுது காட்டினார். மும்பையில் இந்த இயக்கத்தின் எச்சம் லோக்கல் ட்ரெயின் ஜன்னலில் தெரிந்தது. தண்டவாளத்தை ஒட்டிப் பச்சைப்பசேலென்று பாலக், சிவப்புத் தண்டங்கீரை, வெண்டை. காலி நிலத்தை ஊழியர்களுக்கு வாடகைக்கு விடும் ரயில்வேயின் திட்டத்துக்கே அந்தப் பெயர்தான். அதைப் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி, ஆனால் சாக்கடைத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்த பிறகு ஸ்டேஷன் வாசல் கீரையை வாங்கத் தயக்கம். மும்பையில் மண்ணும் தண்ணீரும் எங்கிருந்து வந்தவை என்று தெரியாமல் எதையும் தின்ன முடியாது. இந்தச் சந்தேகம்தான் மாடித் தோட்டத்துக்கு ஆள் சேர்த்தது.

அதில் முன்னோடி பாந்த்ராவில் இருந்தார். ஆர்.டி. தோஷி, படிப்பால் பொருளாதார நிபுணர். தன் வீட்டு மொட்டை மாடியில் பழைய டிரம், பிளாஸ்டிக் பை, எது கிடைத்தாலும் அதில் காய்கறி வளர்த்தார். அவருடைய தந்திரம் கரும்புச் சக்கை. ஜூஸ் பிழிந்த பின் குப்பைக்குப் போகும் சக்கையைப் பையின் பெரும்பகுதிக்கு அடைத்து, மேலே கொஞ்சம் மட்டும் மண்ணும் எருவும். மண்ணை நம்பினால் இரண்டு கஷ்டம்: நல்ல மண் மும்பையில் கிடைக்காது, கிடைத்தாலும் மாடி அந்தப் பாரத்தைத் தாங்காது. சக்கை லேசு, ஈரம் பிடிக்கும், மட்கினால் உரம். கோலாப்பூர்க் கணிதப் பேராசிரியர் ஸ்ரீபாத் தாபோல்கர் இதே போலக் குறைந்த இடத்தில் நிறைய விளைவிக்கும் முறைகளை "பிரயோக் பரிவார்" என்று விவசாயிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு சோதித்து வந்தார். இலைச் சருகையும் சாணத்தையும் வெல்லத்தையும் வைத்து மண்ணையே "சமைக்கும்" வித்தை அந்த வழியில் வந்தது. 2002இல் மும்பை துறைமுக டிரஸ்டின் சமையல்கூட அதிகாரி ப்ரீத்தி பாட்டீல், கேன்டீன் காய்கறிக் கழிவை என்ன செய்வது என்று யோசித்து, அதை மாடியிலேயே மட்க வைத்துத் தோட்டம் போட்டார். அந்த மாடியில் காய், கீரை, பழமரம் வரை வளர்ந்தது. 2009இல் அவரும் நண்பர்களும் அர்பன் லீவ்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள்.

அவர்கள் பயிற்சி நடத்திய இடங்களில் ஒன்று மகாராஷ்டிரா நேச்சர் பார்க். தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில். 37 ஏக்கர். ஒரு காலத்தில் மும்பையின் குப்பை மேடு. குப்பை கொட்டுவதை நிறுத்தி, மண் பரப்பி, மரம் நட்டு, 1994இல் பூங்காவாகத் திறந்தார்கள். அந்த மரங்களுக்குக் கீழே நிற்கும்போது, காலுக்கடியில் ஊர் குப்பை இருக்கிறது என்பது நம்பவே முடியாது. நான் நார்த்தூளும் மண்புழு உரமும் கலக்கக் கற்றுக்கொண்டது அந்தப் பக்கம் சுற்றித் திரிந்த நாட்களில்தான்.

நார்த்தூள் என்றதும் நம் ஊர் ஞாபகம் வரும். பொள்ளாச்சிப் பக்கம் மலைபோல் குவிந்து கிடந்த கயிற்றுத் தொழிற்சாலைக் கழிவு அது. கழுவி அமுக்கிக் கட்டியாக்கினால் உலகம் முழுக்க நாற்றுப் பண்ணைகள் வாங்குகின்றன. இந்தியாவில் குழித்தட்டு நாற்று பரவியதற்கு அதுவும் ஒரு காரணம், இன்னொரு காரணம் வீரிய ஒட்டு விதையின் விலை. பெங்களூரின் இந்தோ அமெரிக்கன் நிறுவனம் 1973இல் ஒட்டுத் தக்காளி கொண்டு வந்தது. விதையை எண்ணி விற்கும் காலம் வந்த பிறகு பாத்தியில் அள்ளித் தூவ யாருக்கு மனசு வரும்? 98 குழித் தட்டில் குழிக்கு ஒரு விதை, நிழல்வலைக்குக் கீழே. அம்மாக்கள் சாம்பலில் புரட்டித் தூவிய கையளவு விதை, இப்போது ஒவ்வொன்றாக விரல் நுனியில்.

நான் ஒட்டு விதைக்கு எதிரி இல்லை. செம்பூர்க்காரனுக்கு அந்தத் தார்மீக உரிமையும் இல்லை. ஒரு பக்கம் 15:15:15 சுஃபலா மூட்டை தயாராகும் ஆர்.சி.எஃப். புகைபோக்கி, இன்னொரு பக்கம் டிராம்பேயில் அணுசக்தி மையம். கதிர்வீச்சால் விதையில் மாற்றம் உண்டாக்கி அந்த வழியில் அவர்கள் உருவாக்கிய டி.ஏ.யு.1 உளுந்து 1985இல் வெளியாகி மகாராஷ்டிரா முழுக்கப் பரவியது. அதில் அரைத்த இட்லியை நானும் தின்றிருப்பேன். என் கவலை வேறு. ஒட்டு விதைச் செடியிலிருந்து எடுத்த விதை தாயைப் போல வராது. அதனால் விதை வைக்கும் பழக்கம் போகிறது. பழக்கம் போனால் விதையும் போகும்.

போயும் விட்டது, எங்கள் வீட்டிலேயே. 2011இல் ஊரில் இருந்த காட்டை விற்றோம். இப்போது அங்கே கல் ஊன்றி மனை போட்டு ஒரு நகர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்போது எனக்கு ஒரு சின்ன இறுமாப்பு. காடு போனால் என்ன, விதை என் பால்கனியில் இருக்கிறதே. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விதைத்துப் புது விதை எடுத்துக் கொண்டிருந்தேன், மிளகாய் விதைக்கு அதற்கு மேல் நம்பிக்கை வைக்கக் கூடாது. 2016இலும் நல்ல குண்டு மிளகாய், விதையெடுத்து வைத்தேன். 2018இல் விதைத்தேன். காய்த்தது பாருங்கள், பாதிச் செடியில் விரல் நீளக் காய்! பக்கத்து பால்கனியில் மாமி வளர்த்த கடை மிளகாய்ச் செடிக்கும் என் செடிக்கும் தேனீ தூது போயிருக்கிறது. கலப்பு நடந்த வருடம் காயில் ஒன்றும் தெரியாது, விதை முளைத்து அடுத்த தலைமுறை காய்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும். மிளகாய் விதை உற்பத்திக்கு மற்ற ரகத்திலிருந்து 200 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது விதைச் சான்று விதி. மும்பையில் 200 மீட்டருக்குள் எத்தனை பால்கனி! பூவுக்குத் துணி கட்டியிருக்கலாம். எனக்கு அப்போது தோன்றவில்லை.

அம்மா 2019இல் போய்ச் சேர்ந்தார். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பேப்பரில் பார்த்தபோது முதலில் சந்தோஷம், பிறகு ஒரு மாதிரி குடைச்சல். கடையில் முண்டு வத்தல் கிலோ கணக்கில் கிடைக்கும்தான். எங்கள் காட்டு விதை கிடைக்காது. இரண்டும் ஒன்றுதானே என்று தம்பி கேட்டான். இருக்கலாம். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அக்கா, அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். சாம்பலும் வேப்பிலைச் சருகும் போட்டு, நடுவே பதினோரு வத்தல். எந்த வருடத்து வத்தல் என்று யாருக்கும் தெரியாது.

அதுதான் ஃபிரிட்ஜ் தலையில் இருக்கிறது. இந்த முறை பழைய தப்பு எதுவும் செய்யவில்லை. பழைய விதை என்பதால் முளைக்க நாளாகும், காலம் போதாமல் போய்விடும் என்று ஆகஸ்ட் பாதிக்குக் காத்திருக்காமல் ஒரு மாதம் முன்னாலேயே போட்டேன். விதையை ஒரு ராத்திரி நீர் மோரில் ஊற வைத்தேன். நார்த்தூளைக் கொதிநீரில் அலசினேன், ஈர மண்ணில் இருக்கும் பூஞ்சைதான் நாற்றுக் கழுத்தை அழுக வைக்கிறது. தண்ணீர் மேலே ஊற்றுவதில்லை, டப்பாவை அரை அங்குலத் தண்ணீரில் உட்கார வைத்துக் கீழிருந்து குடிக்க விடுகிறேன். ஃபிரிட்ஜின் தலை எப்போதும் லேசாகச் சூடாக இருக்கும், மிளகாய்க்கு வேண்டிய 25, 30 டிகிரி தானாகக் கிடைக்கிறது. முளைத்ததைச் சூட்டிலிருந்து எடுத்து உடனே டியூப் லைட்டுக்கு நாலு விரற்கடை கீழே வைத்து விடுகிறேன், முளைப்பாரி ஆகாமல் இருக்க. 140 விதை போட்டேன், டப்பாவுக்குப் பத்து. இருபத்திரண்டு நாளில் முளைத்தவை ஆறு.

ஆறையும் ஒரே இடத்தில் வைக்க பயம். தாராவியில் பதின்மூன்றாம் காம்பவுண்டில் பழைய டிரம் வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் எனக்குப் பல வருடப் பழக்கம், என் பெயின்ட் டப்பாக்கள் எல்லாம் அவர் கொடுத்தவைதான். அவர் வீட்டுத் தகரக் கூரை மேல் கற்பூரவல்லி, துளசி, ஒரு சட்டியில் மருதாணி. சுற்றிலும் மிளகாய்ச் செடி கிடையாது. என் பால்கனியிலிருந்து எப்படியும் ஐந்தாறு கிலோமீட்டர், எந்தத் தேனீயும் வராது. இரண்டு நாற்று அங்கே வளர்த்துத் தர முடியுமா என்று போய்க் கேட்டேன்.

"வளக்கலாம் தம்பி, அதுக்கென்ன. எத்தனை மாசம்?" என்றார்.

அக்டோபரில் நட்டால் ஜனவரியில் பழம், பிப்ரவரியில் விதை எடுக்கலாம் என்றேன்.

அண்ணாச்சி கூரையை அண்ணாந்து பார்த்தார். தாராவி மறுசீரமைப்புக்கு 2024இல் கணக்கெடுக்க ஆரம்பித்தபோது அவர் வீட்டுக் கதவிலும் நம்பர் எழுதிப் போனார்கள். 2000 ஜனவரிக்கு முன்னால் இருந்த தரைத்தளக் குடும்பத்துக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, மற்றவர்களுக்கு வேறு எங்கேயோ. அவர் தரைத்தளம். மேல்தளத்தில் இருக்கும் மகன் குடும்பம் எங்கே போகும் என்பது தெளிவாகவில்லை. ஃபிளாட் கிடைத்தாலும் டிரம் கடைக்கும் கூரைக்கும் அதில் இடம் ஏது.

"பிப்ரவரி வரைக்கும் இருப்போம்னுதான் நெனைக்கேன்" என்றார். "அப்படி அதுக்கு முன்னால காலி பண்ணச் சொன்னா போன் போடுதேன். ராவோட ராவா வந்து தூக்கிட்டுப் போயிரு."

இன்று காலை ஏழாவது முளை தலை காட்டியிருக்கிறது.